வாத்தியார் மடல்: கரை மறைந்த நேரத்தில்



கீழ்ப் பேராக் பகுதித் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகன் செம்பனை ஆலையில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கூட்டாளிகள் இருவரோடு சம்பானை எடுத்துக்கொண்டு, ஆற்றுமுகத்தைத் தாண்டிக் கடலில் தூண்டில் போடப் போய்விடுவானாம். ஒரு ஞாயிறன்று விடியற்காலையில் போனவர்கள் பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை. அன்று புகைமூட்டம். எதிர் லயம் கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பொழுது சாய்ந்தது, விளக்கு வைத்தாயிற்று, பிள்ளைகளைக் காணோம். இரவு 11 மணிக்கு ஒரு சீன மீனவர் அவர்களுடைய சம்பானைத் தம் படகில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். எண்ணெய் தீரும் வரையில் கரையைத் தேடிச் சுற்றியிருக்கிறார்கள். கரையோ மிக அருகிலேயே இருந்திருக்கிறது. இனிக் கடல் பக்கமே போகமாட்டேன் என்று மாரியம்மன் சந்நிதியில் மகனிடம் சத்தியம் வாங்கிவிடட்டுமா என்று அந்தத் தாயார் கேட்கிறார்.

அம்மா, சத்தியம் வாங்குவது உங்கள் விருப்பம். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை அதை எத்தனை ஞாயிறு காப்பான் என்பதை என்னைவிட நீங்களே நன்கு அறிவீர்கள். பாகான் டத்தோ, கோலசிலாங்கூர், கேரித்தீவு என்று கடலோரம் வாழும் நம் குடும்பங்களுக்குக் கடல் வெறும் வேடிக்கை இடமன்று. மீன் விற்கிற விலையில், ஒரு வாளி மத்தியும் நாலு நண்டும் வீட்டுக்கு வந்தால் அந்த வாரக் கறிச் செலவு குறைகிறது. ஆகவே போகாதே என்று சொல்லப் போவதில்லை. போனவன் எப்படித் திரும்பி வருவது என்பதைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன். உங்கள் மகனை எதிரில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

நான் மாலுமி அல்லன். பள்ளிச் சாரணர் பிள்ளைகளுக்குத் திசைகாட்டி பழக்கியவன். ஆற்றுமுகத்துக்கு அருகிலிருந்த பள்ளியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தபோது, மலாய் மீனவர்களோடு படகில் போய்ப் பழகியவன். அவர்கள் செய்ததைப் பார்த்தேன். அது ஏன் சரி என்பதைப் பின்னர் புத்தகத்தில் படித்தேன்.

நம் கடற்கரையில் கண்ணை மறைப்பவை மூன்று. விடியற்காலையில் ஆற்றின்மேல் படியும் பனி ஒன்று. அது வெயில் ஏறியதும் கலைந்துவிடும், பொறுத்திருந்தால் போதும். இரண்டாவது, மேற்கே சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் புயற்காற்றும் மழையும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையில், பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும் வரும். மேற்கு வானத்தில் கறுப்பாக ஒரு கோடு போட்டாற்போல் மேகம் எழும்பினால் அதுதான். ஓரிரு மணி நேரத்தில் கடந்து போய்விடும். ஆனால் அந்த நேரத்துக்குள் சம்பானைக் கவிழ்க்க அதனால் முடியும். அந்தக் கோட்டைக் கண்டதும் பாதுகாப்பு அங்கியை மாட்டிக்கொள்ள வேண்டும். மழை பிடித்துக்கொண்ட பிறகு கரையை நோக்கி ஓட்டப் பந்தயம் நடத்தக் கூடாது. படகின் முன்புறத்தைக் காற்றுக்கு நேராக வைத்து, எஞ்சினை மெதுவாக ஓட விட்டுத் தாக்குப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது புகைமூட்டம். இதுதான் பொல்லாதது. பனியைப் போல வெயிலுக்குக் கலையாது. புயல் மழையைப் போல ஓரிரு மணியில் போகாது. நாட்கணக்கில், சில ஆண்டுகளில் வாரக்கணக்கில் நிற்கும். 1997 செப்டம்பரில் சரவாக் மாநிலத்தில் 10 நாட்கள் அவசரநிலை அறிவிக்கப்பட்டிருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அதே நிலை. 2013 ஜூன் 23-ஆம் நாள் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே ஆபத்து என்பது கணக்கு. சுமத்ராவில் கரிமண் நிலங்கள் பற்றி எரியும்போது, தென்மேற்குக் காற்று அந்தப் புகையை நம் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிறது. யார் பற்ற வைத்தார்கள், யார் அணைக்க வேண்டும் என்பது அரசாங்கங்கள் பேசிக்கொண்டிருக்கிற விஷயம். சம்பானில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தப் பேச்சால் பயனில்லை.

1997 செப்டம்பர் 26-இல் மேடான் அருகே இந்தோனேசிய விமானம் ஒன்று மலைப் பகுதியில் விழுந்து, அதிலிருந்த 234 பேரும் மாண்டார்கள். புகையில் விமானிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. இடப்பக்கம் திரும்புவதா வலப்பக்கம் திரும்புவதா என்பதில் தரையில் இருந்தவருக்கும் விமானிக்கும் இடையே குழப்பம் உண்டாயிற்று. அதே மாதத்தில் போர்ட்டிக்சனுக்கு அப்பால் புகைக்குள் இரண்டு சரக்குக் கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று மூழ்கியது, 20-க்கும் மேற்பட்ட மாலுமிகள் காணாமற் போனார்கள். ரேடார் முதலிய கருவிகள் வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதி. நம் பிள்ளைகளிடம் இருப்பதோ ஒரு எஞ்சின், ஒரு தார்ப்பாய், ஒரு தண்ணீர்ப் புட்டி.

சரி, மூன்று பையன்கள் ஏன் சுற்றிச் சுற்றி வந்தார்கள்? அவர்கள் மடையர்கள் அல்லர். மனித உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது. இதை என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் திடலில் செய்து காட்டியிருக்கிறேன். ஒரு கோல் கம்பத்தின் அடியில் ஒரு பிள்ளையை நிறுத்தி, துண்டால் கண்ணைக் கட்டி, எதிர்க் கம்பத்துக்கு நேராக நடக்கச் சொன்னேன். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒருவன்கூடப் போய்ச் சேரவில்லை. ஒருத்தி சிற்றுண்டிச் சாலைச் சுவரில் போய் முட்டினாள். ஒருவன் வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றான். வேடிக்கை என்னவென்றால், கட்டை அவிழ்க்கும் வரையில் ஒவ்வொருவரும் தாம் நேராகத்தான் வந்ததாகச் சத்தியம் செய்தார்கள்.

2009-இல் ஜெர்மனி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஆட்களைக் காட்டுக்குள் விட்டு மணிக்கணக்கில் நேராக நடக்கச் சொன்னார்கள். வெயில் தெரிந்தபோது நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகப் போனார்கள். மேகமூட்டத்தில் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள். தாங்கள் முன்பு நடந்த வழியையே குறுக்கே கடந்தும் அது அவர்களுக்குத் தெரியவில்லை. கட்டிய கண்ணோடு நடப்பவனுக்குக் காலடியில் தரையாவது அசையாமல் இருக்கிறது. கடலில் தரையும் நகர்கிறது.

ஆகையால் கரை மறைந்ததும் முதலில் செய்ய வேண்டியது, எஞ்சினை நிறுத்துவது. தெரியும் வழிதானே, இதோ இந்தப் பக்கம்தான் என்று ஒருவன் கை நீட்டுவான். இன்னொருவன் வேறு பக்கம் காட்டுவான். இருவரையும் நம்பக் கூடாது. நம்ப வேண்டியவை, கரை தெரிந்துகொண்டிருந்தபோதே நாம் எழுதி வைத்த மூன்று விஷயங்கள்: எந்தத் திசையில் வந்தோம், எத்தனை நிமிடம் வந்தோம், என்ன வேகத்தில் வந்தோம். இவற்றைப் புகை சூழ்ந்த பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. புறப்படும்போதே பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதி வைத்தால் உண்டு. பேனா வேண்டாம்; நனைந்தால் மை ஓடிவிடும்.

திசைக்குத் திசைகாட்டி வேண்டும். சாரணர் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரணத் திசைகாட்டியே போதும். ஒரு முறை தூண்டில் சாமான் வாங்கும் காசில் வந்துவிடும். ஆனால் அதை எஞ்சின், இரும்பு நங்கூரம், பாராங்கத்தி, கைத்தொலைபேசி ஆகியவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். இரும்பும் காந்தமும் பக்கத்தில் இருந்தால் ஊசி பொய் சொல்லும். அது சரியாகக் காட்டுகிறதா என்பதை, கரை தெளிவாகத் தெரியும் நல்ல நாளில் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். சோதித்த பிறகு ஊசி சொல்வதை நம்புங்கள். புகைக்குள் பத்து நிமிடம் போனதும், இந்தத் திசைகாட்டி கெட்டுப்போய்விட்டது என்று மனம் சொல்லும். எல்லாருக்கும் அப்படிச் சொல்லும். கேட்காதீர்கள்.

இன்னொரு திசைகாட்டி வானத்திலேயே இருக்கிறது. நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறையக் கிழக்கில் உதித்து ஏறக்குறைய மேற்கில் மறைகிறது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வாழ்பவர்களுக்கு வீடு கிழக்கே இருக்கிறது. புகைக்குள்ளும் சூரியன் சிவந்த தட்டாகவோ வெளிச்சத் திட்டாகவோ தெரிவதுண்டு. பிற்பகலில் அந்த வெளிச்சம் முதுகுப்புறம் இருந்தால் வீட்டை நோக்கிப் போகிறோம். முகத்தில் அடித்தால் சுமத்ராவை நோக்கிப் போகிறோம். உச்சிப் பொழுதில் மட்டும் இது உதவாது. திடலில் கண்ணைக் கட்டி நடந்த பிள்ளைகளை மாலை வெயிலில், வெயில் பிடரியில் சுடும்படி வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னபோது, பாதிப்பேர் கம்பத்துக்கு அருகில் வந்துவிட்டார்கள்.

அடுத்தது வேகம். சம்பானில் வேகமானி கிடையாது. பழைய மாலுமிகள் செய்த வழி ஒன்று உண்டு. படகின் முனையில் ஒருவன் நின்று தேங்காய் மட்டை ஒன்றைத் தண்ணீரில் போட வேண்டும். அது படகின் பின்முனையைத் தாண்டும் வரையில் மற்றவன் வினாடியை எண்ண வேண்டும். படகின் நீளம் 6 மீட்டர், மட்டை கடக்க 2 வினாடி ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 3 மீட்டர், மணிக்கு 10.8 கிலோமீட்டர். மூன்று தடவை செய்து சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் ஆற்றுமுகத்திலிருந்து நேர் மேற்கே 40 நிமிடம் போனால் 7.2 கிலோமீட்டர் போயிருக்கிறோம். இது ஐந்தாம் ஆண்டுக் கணக்குதான்.

அப்படியானால் நேர் கிழக்கே 40 நிமிடம் வந்தால் ஆற்றுமுகம் வந்துவிடுமே என்பீர்கள். வராது. இங்குதான் அனுபவம் இல்லாதவர்கள் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

கடல் நீர் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஏற்றத்திலும் வற்றிலும் கரையை ஒட்டி நீரோட்டம் ஓடுகிறது. அது மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் வடக்கிலிருந்து தெற்கே தள்ளுகிறது என்று கொண்டால், திரும்பி வரும் 40 நிமிடத்தில் மட்டும் நம்மை 1.3 கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோய்விடும். மேலும் குலுங்குகிற சம்பானில் கையால் சுக்கான் பிடிப்பவன் 10 பாகை அப்படியும் இப்படியும் போவது சாதாரணம். 7 கிலோமீட்டர் தூரத்தில் 10 பாகை தவறினால் 1.2 கிலோமீட்டர் விலகிப் போய்விடுவோம். ஆக, நாற்பதாவது நிமிடத்தில் எதிரே பாக்காவ் மரக்காடு தெரியும், ஆற்றுமுகம் தெரியாது. நம் மேற்குக் கரையில் பாக்காவ் காடு எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி. குன்று இல்லை, பாறை இல்லை, அடையாளம் இல்லை. ஆறு இடப்பக்கம் இருக்கிறதா, வலப்பக்கமா? ஒருவன் இடம் என்பான், ஒருவன் வலம் என்பான். இடப்பக்கம் அரை மணி தேடிவிட்டு, இல்லை என்று வலப்பக்கம் ஒரு மணி தேடி, எண்ணெய் தீர்ந்து போகும். அந்தத் தாயாரின் மகனுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. ஆற்றுமுகத்துக்கு நேராக வராதீர்கள். வேண்டுமென்றே ஒரு பக்கம் நன்றாகத் தள்ளிக் கரையைப் பிடியுங்கள். நீரோட்டம் வடக்கிலிருந்து வருகிறதென்றால், கிழக்கே 90 பாகை வைத்து ஓட்டாமல் 25 பாகை வடக்கே ஒதுக்கி, 65 பாகையில் ஓட்டுங்கள். நீரோட்டமே இல்லாவிட்டால் ஆற்றுமுகத்துக்கு 3.4 கிலோமீட்டர் வடக்கே போய்ச் சேருவீர்கள். நீரோட்டம் 1.3 தள்ளி, கைத்தவறு 1.2 சேர்ந்தாலும், கரையைப் பிடிக்கும்போது ஆறு வலப்பக்கம்தான் இருக்கும். சண்டைக்கு இடமே இல்லை. கரை தெரிந்ததும் வலப்பக்கம் திரும்பி, மரங்களை இடக்கைப் புறம் வைத்துக்கொண்டு, நீரோட்டத்தோடு மெதுவாக இறங்கி வந்தால் ஆற்றுமுகம் தானே வந்து சேரும். நான்கைந்து நிமிடம் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும்; பிறகு கரையோரம் கொஞ்சத் தூரம். அந்த எண்ணெய்ச் செலவைப் பார்க்கக் கூடாது.

இது ஏதோ வாத்தியாரின் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 1931-இல் பிரான்சிஸ் சிச்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் தன்னந்தனியாகச் சிறு விமானம் ஒன்றில் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தார். வழியில் நோர்ஃபோக் என்ற குட்டித் தீவில் இறங்கி எண்ணெய் போட்டாக வேண்டும். பரந்த கடலில் சில கிலோமீட்டர் அகலமே உள்ள தீவு, தவறவிட்டால் மரணம். அவர் தீவுக்கு நேராகப் பறக்கவில்லை. ஒரு பக்கம் தள்ளியே பறந்தார். சூரியனை அளந்து, தீவுக்கு இணையான தூரம் வந்துவிட்டது என்று கணக்குச் சொன்னதும் சட்டென்று திரும்பினார். தீவு எதிரில் இருந்தது. பின்னாளில் அறுபத்தைந்து வயதில், 1966-67-இல், பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றி வந்தவரும் அவரே.

கரை நெருங்கும்போது இன்னொரு துணை வேண்டும்: ஆழம். நம் மீனவர்கள் ஆழத்தைப் பாகம் என்று சொல்வார்கள். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனி வரையில் ஒரு பாகம், ஏறக்குறைய 1.8 மீட்டர். மலாய்க்காரர்கள் இதையே டெப்பா என்கிறார்கள். கிள்ளானுக்கு மேற்கே நீரிணையில் ஒரு மணல் திட்டின்மேல் நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்துக்குப் பெயரே பெர்மாத்தாங் செடெப்பா, அதாவது ஒரு பாகத் திட்டு. ஒரு கயிற்றில் அரைக் கிலோ ஈயத்தைக் கட்டுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு முடிச்சும், இருட்டில் கைக்குத் தட்டுப்படும்படி ஒரு துணித் துண்டும் கட்டுங்கள். பத்து முடிச்சு போதும். ஆழம் குறைந்துகொண்டே வந்தால் கரைக்குப் போகிறோம். கூடிக்கொண்டே போனால் கடலுக்குப் போகிறோம். கரை ஓரமாக வரும்போது இரண்டு பாக ஆழத்தை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தால், மரங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கரைக்கு இணையாக வந்துகொண்டிருப்பீர்கள். கேராங் வளர்ப்பவர்கள் நட்ட கம்பங்களும் கேலோங் கால்களும் எதிர்ப்படக் கூடும்; ஆகவே ஒருவன் முன்புறம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

சேற்றில் தட்டிவிட்டால் பதற வேண்டாம். இறங்கித் தள்ளுகிறேன், நடந்தே கரைக்குப் போகிறேன் என்று மட்டும் யாரும் காலை வைக்கக் கூடாது. நம் கடற்சேறு இடுப்பு வரை விழுங்கும். படகிலேயே உட்கார்ந்திருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம் உண்டு. தண்ணீர் வந்து தானே தூக்கிவிடும்.

இப்போது பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். கைத்தொலைபேசியில் ஜி.பி.எஸ். இருக்கிறதே, இந்தக் கயிறும் மட்டையும் எதற்கு? நியாயமான கேள்வி. கட்டாயம் கொண்டுபோகட்டும். தொலைபேசிக் கோபுரத்தின் இணைப்பு இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், ஆனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். புறப்படும்போதே ஆற்றுமுகத்தில் ஓர் அடையாளம் போட்டு வைக்கட்டும். பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டி வைக்கட்டும். பாட்டுக் கேட்டு மின்கலத்தைத் தீர்க்காமல் இருக்கட்டும். ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: ஜி.பி.எஸ். நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும். படகு நின்றுகொண்டிருக்கும்போது அதன் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. அந்த அம்புக்குறி சுற்றிச் சுற்றி ஆடுவதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. மேலும் எதிரே வரும் படகை அது காட்டாது.

எதிரே வரும் படகுக்குக் காதுதான் வேண்டும். 1972-இல் பல நாடுகள் சேர்ந்து வகுத்து, 1977 முதல் நடப்பில் உள்ள கடல் விதிகள் இதற்குத் தெளிவான வழி சொல்கின்றன. பார்வை மறைந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கப்பல் 2 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது நீளமாக, 4 முதல் 6 வினாடி வரை, ஒரு முறை ஊத வேண்டும். ஓடாமல் மிதந்துகொண்டிருந்தால் இரண்டு நீள ஊதல். ஒரு நீளமும் இரண்டு குறுகலும் கேட்டால், வலை இழுப்பது போன்ற வேலையில் உள்ள, எளிதில் ஒதுங்க முடியாத படகு என்று பொருள். 12 மீட்டருக்குக் குறைந்த நம் போன்ற படகுகள், 2 நிமிடத்துக்கு ஒரு முறையாவது தெளிவாகக் கேட்கும்படி ஏதாவது ஓர் ஒலி எழுப்பினால் போதும். விளையாட்டு ஆசிரியர் வைத்திருக்கும் விசில் ஆளுக்கொன்று கழுத்தில் தொங்கட்டும். அதுவும் இல்லையென்றால் சோற்றுச் சட்டியும் கரண்டியும் இருக்கின்றன.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எஞ்சினை நிறுத்தி, எல்லாரும் பேச்சை விட்டுக் காது கொடுங்கள். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒவ்வொருவனும் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டட்டும்; கைகள் ஒத்துப் போனால் நம்பலாம். பெரிய கப்பல்கள் செல்லும் தடத்துக்கு மட்டும் எந்நாளும் போகாதீர்கள். 1981 முதல் மலாக்கா நீரிணையின் நெருக்கமான பகுதிகளில் கப்பல்களுக்குப் போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று வகுத்திருக்கிறார்கள். அந்தக் கப்பல் நம்மைப் பார்த்துவிட்டாலும் நிறுத்துவதற்குள் கிலோமீட்டர் கணக்கில் ஓடிவிடும். மரச் சம்பானும் ஃபைபர் சம்பானும் ரேடாரில் சரியாகத் தெரிவதுமில்லை.

எண்ணெய் விஷயத்தில் ஒரு பழைய கணக்கு: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு இருப்பு. முதல் பங்கு தீர்ந்த இடத்தில், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

இத்தனையும் செய்தும் குழப்பம் தீரவில்லை என்றால் நங்கூரம் போட்டுவிடுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் படகைவிட, நின்றுவிட்ட படகைக் கண்டுபிடிப்பது எளிது. ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும். கயிற்றைப் படகின் முன்புறத்தில்தான் கட்ட வேண்டும். பின்புறம் எஞ்சின் பாரத்தால் தாழ்ந்திருக்கும், அலை உள்ளே ஏறிவிடும். கிள்ளான் பக்கத்தில் பெரிய ஏற்ற நாட்களில் நீர் மட்டம் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வற்றில் நங்கூரம் போட்டவன் ஏற்றத்துக்கும் சேர்த்துக் கயிறு வைத்திருக்க வேண்டும். ஆற்றுமுகத்து வாய்க்காலின் நடுவில் போடாதீர்கள். இழுவைப் படகுகள் வரும் வழி அது.

இனி வீட்டிலிருக்கும் அம்மாமார்களுக்கும் மனைவிமார்களுக்கும். பிள்ளை புறப்படும் முன் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த ஆற்றுமுகம், எத்தனை பேர், படகின் நிறம் என்ன, எந்தப் பக்கம் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், எத்தனை மணியைத் தாண்டினால் நீங்கள் பயப்படலாம். அந்தக் கடைசி மணி தாண்டியதும் 999-ஐ அழைத்து, கடலில் காணோம் என்று சொல்லி, கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை இன்னொரு சம்பானில் தேட அனுப்பவும் வேண்டாம். தேடுகிற படகுகள் இரண்டாகிவிடும்.

செய்யக்கூடிய வேறொன்று உண்டு. ஆற்றுமுகத்துப் படகுத்துறைக்கு ஒரு லாரியை அனுப்பி, கடலைப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, கடிகாரத்தில் மணி, கால், அரை, முக்கால் என்று வரும் சரியான நேரத்தில், நீளமாக மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்த நேரங்களில் எஞ்சினை நிறுத்திக் காது கொடுக்க வேண்டும் என்பதைப் படகில் போகிறவனிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கடிகாரம் ஒத்திருக்கிறதா என்பதைப் புறப்படும் முன் படகுத்துறையிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.



உங்கள் வாத்தியார்